கையை மட்டும் ஊருக்கு அனுப்புவது எப்படி?

கொல்லம் ஆண்டு 925, மகர மாதம். ஆங்கிலக் கணக்கில் 1750 ஜனவரி. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா, திருவனந்தபுரம் பத்மநாப சுவாமி சன்னிதியில் தன் வாளை வைத்து, தான் வென்று சேர்த்த நாடு முழுவதையும் இறைவனுக்கு எழுதிக் கொடுத்தார். திருப்படிதானம் என்று அதற்குப் பெயர். அன்று முதல் அவர் பத்மநாபதாசர். நாட்டுக்கு உடைமையாளர் அனந்தன் மேல் பள்ளிகொண்டிருப்பவர். வரி வாங்குவது, படை நடத்துவது, வழக்குத் தீர்ப்பது எல்லாம் அவர் சார்பில் மன்னரின் வேலை.

பக்தியையும் அரசியலையும் சற்று ஒதுக்கிவைத்துச் சட்டக் கண்ணால் பார்த்தால் இது விசித்திரமான ஏற்பாடு. உடைமையாளர் எழுந்து வரமாட்டார். கையெழுத்துப் போடமாட்டார். ஆனாலும் அவர் பெயரில் எல்லாம் நடக்கிறது, நடந்தது செல்லுபடியும் ஆகிறது. இருநூற்று எழுபது ஆண்டுகள் கழித்து, 2020 ஜூலை 13 அன்று, உச்ச நீதிமன்றம் இந்தக் கோயில் வழக்கில் தீர்ப்புச் சொன்னபோதும் கேள்வி ஏறக்குறைய இதுதான்: இறைவனின் சொத்தை அவர் சார்பில் பார்த்துக்கொள்ளும் உரிமை யாருக்கு? கடைசி மன்னர் இறந்த பிறகும் அந்த உரிமை அரச குடும்பத்திடமே தொடர்கிறது என்பது தீர்ப்பு.

அந்தக் கோயிலுக்குக் கிழக்கே, கோட்டை வாசலைத் தாண்டியதும் தொடங்குவது சாலைக் கடைத்தெரு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாஸ் உருவாக்கியது. அரிசியும் வற்றலும் வெல்லமும் பாத்திரமும் பூவும் விற்கத் தெற்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்த தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக இங்கே வேரூன்றின. எழுத்தாளர் ஆ. மாதவன் இந்தத் தெருவில் கடை நடத்திக்கொண்டே இதன் மனிதர்களைக் கதைகளாக்கினார். இன்று அந்த வணிகக் குடும்பங்களின் பிள்ளைகளில் பலர் மஸ்கட்டிலும் சிங்கப்பூரிலும் டொரன்டோவிலும் இருக்கிறார்கள். 2023ஆம் ஆண்டின் கேரளப் புலம்பெயர்வு ஆய்வு, வெளிநாட்டில் வாழும் கேரளத்தவரின் எண்ணிக்கையை ஏறத்தாழ 22 லட்சம் என்று கணக்கிட்டது. ஆள் போகலாம், பணம் போய்வரலாம். கடையும் வீடும் மண்ணும் இருந்த இடத்தில்தான் இருக்கும்.

ஆகவே பத்மநாபரின் கேள்வியே அவர்களுக்கும். இங்கே இல்லாத ஒருவர் இங்கே எப்படிச் செயல்படுவது? கடல் தாண்டி ஒரு மனிதரின் கையை மட்டும் ஊருக்கு அனுப்பச் சட்டம் ஒரு கருவியை உருவாக்கி வைத்திருக்கிறது. அந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது, எதை அனுப்பும், எதை அனுப்பாது என்று பிரித்துப் பார்த்தால், அதற்குள் இரண்டு நூற்றாண்டு அறிவியலும் சேர்ந்து கிடக்கிறது.

ஒரு தாளில் ஒரு கை

கற்பனையாக ஒருவரை எடுத்துக்கொள்வோம். தாத்தா வாங்கிய கடை சாலையில் இருக்கிறது. அதில் வாடகைக்கு ஒருவர் வியாபாரம் செய்கிறார். நாகர்கோவிலில் அம்மா வழி வந்த வீடொன்றும் உண்டு. இவர் இருப்பதோ சிங்கப்பூரில். கடையை விற்க வேண்டும், விடுப்பு இல்லை. ஊரில் தம்பி இருக்கிறான். “தம்பிக்கு பவர் கொடுத்துவிடு” என்கிறார்கள் வீட்டில். ஆதாரம், அதாவது சொத்துப் பத்திரம், எழுதுபவர் “முக்தியார் வேணும்” என்கிறார். பேச்சில் பவர், கேரளத்துப் பத்திரத்தில் முக்தியார், தமிழ்நாட்டு அலுவலகத்தில் அதிகாரப் பத்திரம். பொருள் ஒன்றே.

1882ஆம் ஆண்டின் அதிகாரப் பத்திரச் சட்டம் மிகச் சிறியது. அதன் மையக் கருத்தை ஒரு வாக்கியத்தில் அடக்கிவிடலாம். அதிகாரம் பெற்றவர் தன் பெயரில், தன் கையால் போடும் கையெழுத்து, அதிகாரம் கொடுத்தவரே போட்டதற்குச் சமம். தம்பி சார்பதிவாளர் அலுவலகத்தில் பேனாவை எடுக்கும் கணத்தில், சட்டத்தின் பார்வையில் அண்ணனும் அங்கே நிற்கிறார்.

இது பெரிய மந்திரம். பெரிய மந்திரம் என்பதால் பெரிய ஆபத்தும். அந்தத் தாளைப் போலியாகச் செய்துவிட்டால் அண்ணனுக்குத் தெரியாமல் அவர் கடையே கைமாறிவிடும். எனவே சட்டம் முதலில் கேட்பது பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அல்ல. இதில் கையெழுத்திட்டவர் உண்மையிலேயே அவர்தானா என்பதைத்தான்.

ஆளை அறிந்தவரை அறிந்தவர்

சாலையில் ஒரு காலத்தில் இந்தக் கேள்விக்கு விடை எளிது. தெரு முழுக்க ஒருவரை ஒருவர் அறிவார்கள். கையெழுத்திடுபவரைச் சாட்சி அறிவார், சாட்சியைப் பதிவாளர் அறிவார். சிங்கப்பூரில் கையெழுத்திட்டால் அந்தச் சங்கிலி அறுந்துபோகிறது. அறுந்த கண்ணியை இட்டு நிரப்பத்தான் தூதரகம்.

1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம், 33ஆம் பிரிவில், இந்தியாவில் வசிக்காதவர் கொடுக்கும் அதிகாரப் பத்திரம் யார் முன் கையெழுத்தாக வேண்டும் என்று பட்டியல் போடுகிறது: நோட்டரி, நீதிமன்றம், நீதிபதி, மாஜிஸ்திரேட், இந்தியத் தூதர் அல்லது துணைத் தூதர், மத்திய அரசின் பிரதிநிதி. தூதரக அதிகாரிக்கு இந்த வேலையைச் செய்யும் அதிகாரத்தை 1948ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று தருகிறது. அவர் கடவுச்சீட்டைப் பார்க்கிறார், முகத்தைப் பார்க்கிறார், தன் கண்முன் கையெழுத்துப் போடச் சொல்கிறார், முத்திரை குத்துகிறார். அந்த முத்திரைக்கு இந்திய நீதிமன்றத்தில் தனி மதிப்பு உண்டு. 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்திலும், 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்திருக்கும் பாரதிய சாட்சிய அதிநியமத்திலும் ஒரே விதி: இப்படிச் சரிபார்க்கப்பட்ட அதிகாரப் பத்திரம் முறையாக எழுதப்பட்டதே என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். அல்ல என்று சொல்பவர்தான் நிரூபிக்க வேண்டும்.

முத்திரை மட்டும் போதுமா? கலிபோர்னியாவில் ஒரு நோட்டரி முன் எழுதப்பட்ட அதிகாரப் பத்திரத்தைப் பற்றி 1970இல் உச்ச நீதிமன்றம் முடிவு சொல்ல வேண்டியிருந்தது. ஜக்ராஜ் சிங் எதிர் ஜஸ்வந்த் சிங் என்ற வழக்கு. முதலில் எழுதிய பத்திரத்தில் நோட்டரியின் கையொப்பமும் முத்திரையும் இருந்தன. ஆனால் கையெழுத்திட்டவர் இன்னார்தான் என்று தான் உறுதிசெய்துகொண்டதாக அவர் குறிப்பிடவில்லை. அது குறைபாடுதான் என்றது நீதிமன்றம். பிறகு இரண்டாவதாக ஒரு பத்திரம் அந்தக் குறிப்போடு எழுதப்பட்டது; அது முதல் பத்திரத்தின் கீழ் நடந்ததையும் பின்னோக்கிச் சரிசெய்துவிட்டது. வெளிநாட்டு நோட்டரியும் நோட்டரியே என்று அந்தத் தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. ஆனால் முத்திரைக்குப் பின்னால் ஆளை அடையாளம் கண்ட ஒரு கண் இருந்தாக வேண்டும் என்பதே அதன் சாரம்.

இதே சிக்கலைப் பல நாடுகள் சேர்ந்து தீர்க்க முயன்றதன் விளைவு, 1961 அக்டோபர் 5 அன்று ஹேக் நகரில் உருவான அப்போஸ்தீல் உடன்படிக்கை. அதற்கு முன் ஒரு நாட்டுப் பத்திரம் இன்னொரு நாட்டில் செல்ல வேண்டுமானால் நோட்டரியை ஒரு துறை, அந்தத் துறையை இன்னொரு துறை, அதை வெளியுறவுத் துறை, அதைத் தூதரகம் என்று படிப்படியாகச் சான்று அளிக்க வேண்டும். உடன்படிக்கை இந்தப் படிகளையெல்லாம் ஒரே சதுரத்துக்குள் சுருக்கியது. ஒவ்வொரு பக்கமும் குறைந்தது 9 சென்டிமீட்டர், எண்ணிட்ட பத்து வரிகள், எந்த மொழி நாட்டிலும் தலைப்பு மட்டும் பிரெஞ்சில். கையெழுத்திட்ட அதிகாரி யார், எந்தப் பதவியில், எந்த ஊரில், என்றைக்கு என்பது அதில் இருக்கும். பத்திரத்தில் எழுதியிருப்பது உண்மையா என்பது பற்றி அந்தச் சதுரம் ஒரு வார்த்தையும் பேசாது. இந்த அதிகாரி உண்மையான அதிகாரிதான் என்று மட்டும் சொல்லும்.

இந்தியா இந்த உடன்படிக்கையில் 2005 ஜூலை 14 முதல் இருக்கிறது. சிங்கப்பூர் 2021இலும், சவூதி அரேபியா 2022இலும், கனடா 2024 ஜனவரியிலும் சேர்ந்தன. ஆகவே நம் சிங்கப்பூர்க்காரருக்கு இரண்டு வழிகள். உள்ளூர் நோட்டரியிடம் எழுதி அப்போஸ்தீல் வாங்கலாம். அல்லது இந்தியத் தூதரகத்துக்கே போகலாம். உடன்படிக்கையில் சேராத நாட்டில் இருப்பவர்களுக்குத் தூதரகமே நேர்வழி.

ரேகையின் சொந்த ஊர் பத்திர அலுவலகம்

பத்திரம் ஊர் வந்து சேர்ந்தது. தம்பி சார்பதிவாளர் முன் உட்காருகிறார். புகைப்படம் ஒட்டி, விரல்களை ஒற்றி எடுக்கிறார்கள். 2001இல் பதிவுச் சட்டத்தில் சேர்ந்த 32-ஏ பிரிவு இதைக் கட்டாயமாக்கியது.

கைரேகை என்றதும் நினைவுக்கு வருவது காவல் நிலையம். அதன் கதை தொடங்கியதோ ஒரு ஒப்பந்தத்தில். 1858இல் வங்காளத்தின் ஜங்கிபூரில், வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கில அதிகாரி சாலை போடும் பொருளுக்காக ராஜ்யதர் கோனாய் என்பவரோடு ஒப்பந்தம் எழுதினார். பின்னால் “இது என் கையெழுத்தே இல்லை” என்று அவர் மறுக்கக்கூடாதே என்று, கோனாயின் உள்ளங்கை முழுவதையும் மையில் ஒற்றி ஒப்பந்தத்தின் பின்புறத்தில் பதித்தார். அதில் தெரிந்த கோடுகள் ஹெர்ஷலை விடவில்லை. ஆண்டுக்கணக்கில் நண்பர்களின் விரல்களை ஒற்றி எடுத்துப் பார்த்து, அவை வயதால் மாறுவதில்லை என்று கண்டார். 1877இல் ஹூக்ளி மாவட்டத்தில் பத்திரப் பதிவுக்கும் ஓய்வூதியத்துக்கும் சிறைப் பதிவுக்கும் ரேகையைப் பயன்படுத்தச் செய்தார். 1897இல் கல்கத்தாவில் உலகின் முதல் கைரேகைப் பிரிவு தொடங்கியதும், அஜிஸுல் ஹக், ஹேம சந்திர போஸ் இருவரும் ரேகைகளை வகைப்படுத்தும் முறையை வகுத்ததும் அதற்குப் பிறகு. கையெழுத்தை மறுப்பவரைப் பிடிக்கப் பிறந்த உத்தி, திருடனைப் பிடிக்கப் போய்விட்டு, 2001இல் பத்திர அலுவலகத்துக்குத் திரும்பி வந்திருக்கிறது.

ரேகையை ஏன் நம்பலாம்? கரு உருவாகி மூன்றாம் மாதவாக்கில் விரல் நுனித் தோலில் மேடுகள் எழத் தொடங்குகின்றன. 2023இல் எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதன் வேதியியலைத் துலக்கினார்கள். விரல் நுனியின் மையம், நகத்தடி, மூட்டு மடிப்பு ஆகிய மூன்று இடங்களிலிருந்து மேடுகள் அலைகளாகப் பரவுகின்றன. ஒரு மூலக்கூறு மேட்டை எழுப்புகிறது, இன்னொன்று அடக்குகிறது. இரண்டும் மல்லுக்கட்டுவதில் வரிவரியாகக் கோலம் விழுகிறது. அலைகள் சந்திக்கும் இடத்தைப் பொறுத்துச் சுழியா வளைவா என்று தீர்மானமாகிறது. இப்படி வரிகள் உருவாகக்கூடும் என்று 1952இலேயே கணித்தவர் ஆலன் டூரிங்; அவருடைய தாய் பிறந்தது கோவையை அடுத்த போத்தனூரில். அலைகள் புறப்படும் நேரமும் விரல் நுனியின் வடிவமும் கருவுக்குக் கரு, விரலுக்கு விரல் நூலிழை மாறினாலும் கோலம் மாறிவிடும். ஒரே மரபணுவோடு பிறக்கும் இரட்டையருக்கும் ரேகை வேறு வேறாக இருப்பது இதனால்தான்.

ஆனால் கவனியுங்கள். ஆதாரத்தில் பதியும் ரேகை தம்பியுடையது. அண்ணனின் விரல் சிங்கப்பூரிலேயே இருக்கிறது. அவரை இந்தத் தாளோடு கட்டும் கயிறு தூதரகத்தின் அல்லது நோட்டரியின் முத்திரை ஒன்றுதான். அது போலியானால் எவ்வளவு துல்லியமான ரேகையும் உதவாது. பத்திர அலுவலகத்தில் பவரைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது வீண் சந்தேகம் அல்ல.

தாளுக்கும் வயது உண்டு

இந்தக் கை பழுதாகாமல் இருக்கக் காலக்கெடுகள் சில உண்டு. வெளிநாட்டில் எழுதிய பத்திரத்துக்கு அங்கே இந்திய முத்திரைத்தாள் கிடைக்காது. அதனால், அது இங்கே வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டினால் போதும் என்று முத்திரைச் சட்டங்களின் 18ஆம் பிரிவு சலுகை தருகிறது. விற்பனை ஆதாரம் போன்றவற்றில் வெளிநாட்டிலேயே கையெழுத்திட்டிருந்தால், அது இந்தியா வந்து நான்கு மாதத்துக்குள் பதிவுக்குக் கொடுக்கலாம். கணக்கு ஓடத் தொடங்குவது கையெழுத்திட்ட நாளில் அல்ல, தாள் இந்திய மண்ணைத் தொட்ட நாளில். ஆகவே தபால் உறையையும் கூரியர் ரசீதையும் தூக்கிப் போடக்கூடாது.

நம் சிங்கப்பூர்க்காரருக்கு நாகர்கோவிலிலும் வீடு இருப்பது இங்கே ஒரு முடிச்சு. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. அன்றுவரை ஒரே ஆட்சியின் கீழ் இருந்த குடும்பத்துச் சொத்துகள் இரண்டு மாநிலங்களுக்குப் பிரிந்துவிட்டன. கேரளத்துக்கு 1959ஆம் ஆண்டின் சொந்த முத்திரைச் சட்டம். தமிழ்நாட்டில் 1899ஆம் ஆண்டின் இந்திய முத்திரைச் சட்டம், அதன் மாநிலத் திருத்தங்களோடு. இரண்டு சொத்துக்கும் தனித்தனிப் பவராக எழுதிவிடுவது தலைவலியைக் குறைக்கும்.

கைபேசியில் விரல் வைத்துக் கோடி ரூபாய் அனுப்பும் காலத்தில் இவ்வளவு தாள் எதற்கு என்று தோன்றும். 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்கையெழுத்தை ஏற்றபோதே, உயில், அதிகாரப் பத்திரம் போன்ற சிலவற்றை விலக்கி வைத்தது. 2022இல், அரசு அமைப்புகளால் ஒழுங்குபடுத்தப்படும் நிதி நிறுவனங்களுக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரத்துக்கு மட்டும் கதவு திறந்தது. தம்பிக்குக் கொடுக்கும் பவருக்கு இன்னும் தாளும் மையும்தான்.

போகாத மூன்று

கை போகும். ஆனால் அதோடு சேர்ந்து போகாதவையும் உண்டு.

முதலாவது, நினைவு. வாடகைதாரர் மேல் வழக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வாடகை பேசியது அண்ணன். அந்தப் பேச்சைப் பற்றி அண்ணனுக்குப் பதிலாகத் தம்பி கூண்டில் ஏறிச் சாட்சி சொல்ல முடியுமா? முடியாது என்றது உச்ச நீதிமன்றம், ஜான்கி வாஷ்தேவ் போஜ்வானி வழக்கில், 2004இல். அதிகாரம் பெற்றவர் தான் செய்ததைப் பற்றிச் சாட்சி சொல்லலாம்; அதிகாரம் கொடுத்தவருக்கு மட்டுமே தெரிந்ததைப் பற்றிச் சொல்ல முடியாது. இதற்கு மாற்று வழி தொழில்நுட்பம். காணொலியில் தோன்றிச் சாட்சி சொல்வதும் நேரில் சொல்வதே என்று 2003இல் பிரபுல் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றது; அந்த வழக்கில் சாட்சி அமெரிக்காவில் இருந்த ஒரு மருத்துவர். கேரள நீதிமன்றங்களுக்கென்று 2021இல் தனிக் காணொலி விதிகளே வந்துவிட்டன. இப்போது சிங்கப்பூரில் இருந்தபடியே திருவனந்தபுரம் வஞ்சியூர் நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணைக்கு முகம் கொடுக்கலாம்.

இரண்டாவது, உயிர். அதிகாரம் கொடுத்தவர் இறந்தால் பவரும் இறந்துவிடும் என்பது 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின் பொது விதி. அதிகாரம் பெற்றவருக்கே அந்தச் சொத்தில் உரிமைப் பங்கு இருந்தால் மட்டும் விதிவிலக்கு. அண்ணன் இறந்த பிறகு பழைய பவரை வைத்து எழுதிய ஆதாரம் பின்னாளில் வாரிசுகளுக்கிடையே வழக்காகும். உயிலும் இந்த வகையில் சேர்ந்ததுதான். ஒருவருக்காக இன்னொருவர் பவர் வைத்து உயில் எழுத முடியாது.

மூன்றாவது, உடைமை. ஒரு காலத்தில் முத்திரைத் தீர்வையை மிச்சம் பிடிக்க, விற்பனை ஆதாரம் எழுதாமல் விற்பனை ஒப்பந்தம், பொதுப் பவர், உயில் மூன்றையும் வாங்குபவர் கையில் கொடுத்துவிடுவது நாட்டின் பல பகுதிகளில் வழக்கமாக இருந்தது. 2011 அக்டோபரில் சூரஜ் லாம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. பவர் வைத்திருப்பவர் உரிமையாளர் ஆகிவிடமாட்டார்; பதிவுசெய்த ஆதாரம் மட்டுமே நிலத்தைக் கைமாற்றும். ஊரில் நிலம் வாங்கி “பவர் கையில் இருக்கிறது” என்று நிம்மதியாக இருக்கும் வெளிநாட்டுவாசி, தன் பெயரில் ஆதாரம் இருக்கிறதா என்று இன்றே பார்க்க வேண்டும்.

நகரும் அசையாச் சொத்து

இதுவரை ஆளின் அடையாளம். நிலத்துக்கும் அடையாளம் வேண்டுமே.

தாத்தாவின் ஆதாரத்தில் தேதி 1109 என்று இருக்கும்; பயப்பட வேண்டாம், கொல்லம் ஆண்டு. ஆகஸ்ட் நடுவில் சிங்க மாதத்தில் தொடங்குவதால், டிசம்பர் வரை 824உம் ஜனவரிக்குப் பின் 825உம் கூட்ட வேண்டும். 1109 என்றால் 1933 - 34. எல்லைகளோ, கிழக்கே இன்னார் கடை, மேற்கே வழி, தெற்கே ஓடை என்று இருக்கும். இன்னாரின் கடை இன்று வேறொருவருடையது, ஓடை மூடப்பட்டிருக்கும். பழைய ஆதாரத்தில் இருந்து இன்றைய சர்வே எண்ணுக்கும், கிராம அலுவலகத்தில் நிலவரி (கரம்) கட்டும் தண்டப்பேர் எண்ணுக்கும் ஒரு கோடு இழுக்க முடிந்தால்தான் விற்பனை நடக்கும். அந்தக் கோடு அறுந்திருந்தால் முதலில் போக்குவரவு, அதாவது கரப் பதிவேட்டில் பெயர் மாற்றம், செய்தாக வேண்டும்.

திருவிதாங்கூரை முதன்முதல் முறையாக அளந்து வரைந்தவர்கள் வார்டு, கானர் என்ற இரண்டு லெப்டினன்டுகள், 1816 முதல் 1820 வரை. இப்போது 2022 நவம்பரில் தொடங்கிய டிஜிட்டல் மறு அளவீட்டில் கேரளம் செயற்கைக்கோள்களைக் கொண்டு வயலையும் வீட்டையும் அளக்கிறது. இதில் ஒரு சிக்கல் உண்டு. இடம்காட்டும் செயற்கைக்கோள்கள் சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் இருந்து நேரத்தைச் சொல்கின்றன. அந்தச் சேதி வந்து சேர எடுத்த நேரத்தை வைத்துக் கருவி தொலைவைக் கணக்கிடுகிறது. ஒரு நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு பிசகினால் தொலைவில் 30 சென்டிமீட்டர் பிசகும். திருவனந்தபுரத்துக்கு இது கூடுதல் தொல்லை. பூமியின் காந்த நடுக்கோடு அருகே செல்வதால், மேல்வளிமண்டலத்தின் அயனி அடுக்கு இங்கே கொந்தளிப்பானது. 1963இல் தும்பாவில் ராக்கெட் தளம் அமைந்ததே அதை ஆராயத்தான். அந்த அடுக்கு செயற்கைக்கோளின் சேதியைத் தாமதப்படுத்திவிடும்.

தீர்வு அழகானது. தன் இடத்தை மில்லிமீட்டர் கணக்கில் அறிந்த நிலையங்களை ஆங்காங்கே நிறுவிவிடுகிறார்கள். வானம் சொல்லும் இடத்துக்கும் தன் உண்மையான இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நிலையம் ஓயாமல் கணக்கிட்டு, பக்கத்தில் அளந்துகொண்டிருப்பவரின் கருவிக்குச் சொல்கிறது. இருவர் தலைக்கு மேலும் ஏறக்குறைய ஒரே வானம் என்பதால் ஒருவரின் பிழை மற்றவரின் திருத்தம் ஆகிறது. சில சென்டிமீட்டர் துல்லியத்தில் எல்லை வந்துவிடும். ஆளின் அடையாளத்துக்கும் இதே உத்திதான் என்பதைக் கவனித்தால் வியப்பு: தன்னை ஐயமற நிலைநாட்டிக்கொண்ட ஒரு சாட்சி, அருகில் இருப்பவருக்கு உத்தரவாதம் தருகிறது.

இவ்வளவு துல்லியம் வந்ததும் சட்டப் புத்தகத்தின் ஒரு சொல் ஆட்டம் காண்கிறது. அசையாச் சொத்து என்கிறோம். இந்தியத் தகடு வடகிழக்காக ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் நகர்ந்துகொண்டிருக்கிறது. வார்டும் கானரும் அளந்த நாளிலிருந்து சாலைத் தெருவின் ஒவ்வொரு கடையும் உலகக் கட்டத்தில் ஏறத்தாழ 10 மீட்டர் தள்ளிப் போயிருக்கிறது. பக்கத்துக் கடையும் கூடவே நகர்வதால் வழக்கு எதுவும் வருவதில்லை. ஆனால் செயற்கைக்கோள் அளவீட்டில் இடத்தோடு எந்த ஆண்டின் கணக்கு என்பதையும் சேர்த்துக் குறித்தாக வேண்டும்.

யாருக்காகவும் நிற்காத கடிகாரம்

இந்தச் சட்ட ஏற்பாட்டில் வெளிநாட்டுவாசிக்கு ஆக முக்கியமான விதி, பலருக்குத் தெரியாததும்கூட. 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தின்படி, ஒருவர் உங்கள் நிலத்தை உங்கள் உரிமையை மறுத்து, வெளிப்படையாக, இடைவிடாமல் 12 ஆண்டுகள் அனுபவித்துவிட்டால், அதன் பிறகு அதை மீட்க நீங்கள் வழக்குப் போட முடியாது. அதோடு, 27ஆம் பிரிவின்படி உங்கள் உரிமையே அழிந்துவிடும். அப்படி உரிமை முற்றியவர் தானே வாதியாக வந்து அதை நிலைநாட்டலாம் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

நான் நாட்டிலேயே இல்லையே, அந்த ஆண்டுகளைக் கழிக்க மாட்டார்களா? அதே சட்டத்தின் 15ஆம் பிரிவு, இந்தியாவில் இல்லாத காலத்தைக் கணக்கில் இருந்து கழிக்கத்தான் செய்கிறது. ஆனால் கழிப்பது பிரதிவாதி இல்லாத காலத்தை. கடன்பட்டவர் கடல் தாண்டி ஓடினால் கடன் கொடுத்தவருக்காகக் கடிகாரம் நிற்கும். நிலத்துக்காரர் கடல் தாண்டி உழைக்கப் போனால் அவருக்காக நிற்காது.

வாடகைதாரர், காவலாளி, குடியிருக்கச் சொன்ன உறவினர் ஆகியோர் அனுமதியோடு இருப்பவர்கள். அனுமதியோடு இருப்பவர் எத்தனை ஆண்டு இருந்தாலும் அது எதிர் அனுபவம் ஆகாது. எனவே அனுமதி கொடுத்ததற்குத் தாளில் சுவடு இருப்பதே உரிமையாளரின் காப்பு. மறுபக்கம், அந்த வாடகைதாரரும் சட்டத்தால் காக்கப்பட்டவர். 1965ஆம் ஆண்டின் கேரளக் கட்டட வாடகைச் சட்டத்தில், கடை எனக்கே வேண்டும் என்று உரிமையாளர் கேட்டாலும், அந்தக் கடை வருமானமே முதன்மைப் பிழைப்பாக இருந்து, அந்த வட்டாரத்தில் வேறு தகுந்த இடமும் கிடைக்காத வாடகைதாரரை வெளியேற்ற முடியாது. சாலை போன்ற பழைய தெருவில் இது ஏட்டில் மட்டும் இருக்கும் விதி அல்ல. வெளிநாட்டிலிருந்து கடையை விற்க நினைப்பவர், வாடகைதாரரையும் சேர்த்தே வாங்க ஒருவரைத் தேடுவதுதான் பல நேரம் நடைமுறை.

ஆகவே வெளியூரில் இருப்பவர் ஆண்டுதோறும் செய்ய வேண்டியவை நான்கு. தன் பெயரில் கரம் கட்டி ரசீதை வைத்துக்கொள்வது. வில்லங்கச் சான்று எடுத்து, தனக்குத் தெரியாமல் எந்த ஆதாரமும் பதியவில்லை என்று பார்ப்பது. வாடகையை வங்கி வழியாக வாங்குவது, ஒப்பந்தத்தைக் காலம் தவறாமல் புதுப்பிப்பது. கொடுத்த பவர்களைப் பட்டியலிட்டு, வேலை முடிந்தவற்றை எழுத்து மூலம் ரத்து செய்து, அதைப் பதிவாளருக்கும் பவர் வைத்திருப்பவருக்கும் தெரிவிப்பது. கடைசி வேலைக்குக் காரணம் உண்டு: ரத்து செய்த செய்தி எட்டும் வரை, பழைய பவர் வைத்திருப்பவர் செய்ததும் உங்களைக் கட்டக்கூடும் என்கிறது ஒப்பந்தச் சட்டம். பவரை இன்ன கடை, இன்ன சர்வே எண், இன்ன காரியம் என்று குறுக்கி எழுதுங்கள். விற்கும் அதிகாரத்தையும் விற்ற பணத்தை வாங்கும் அதிகாரத்தையும் ஒருவரிடமே கொடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பணம் நேராக உங்கள் கணக்குக்கு வரட்டும்.